விலைப்பலகையில் இல்லாதது

தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகள் ஓய்கிற இடத்தில்
இடதுபக்கம் ஒரு சந்து.
சாக்கடைமேல் போட்ட பலகையைத் தாண்டினால் என் பட்டறை.
பெயர் எழுதவில்லை, வாசனை உண்டு:
கொதிக்கும் சோடா, அமிலம், ஈரச் செம்பு.

வருகிறவர்கள் நிறத்தைக் கேட்கிறார்கள்.
நான் நாளைக் கேட்கிறேன்.
எத்தனை நாள் தாங்கணும்?

நாட்டியக்காரிக்கு ஒரு சாயங்காலம் போதும்.
ஜிமிக்கியைத் தொட்டியில் முக்கி, இருபது எண்ணி எடுத்துவிடுவேன்.
அது தங்கமில்லை, தங்கம் விட்ட மூச்சு.
சம்பந்தி கண்ணில் படவேண்டிய ஆரத்துக்கு அரை மைக்ரான்;
மறுவீடு முடியும்வரை வெளுக்காது.
தினம் மஞ்சள் பூசி, வேர்த்து, பஸ்ஸில் தொங்கிப் போகிற கழுத்தென்றால்
மூன்று மைக்ரானுக்குக் கீழே கை வைக்கமாட்டேன்.
அடியில் செம்பு, நடுவில் நிக்கல், மேலே பொன்.
நிக்கல் சிலருக்கு அரிக்கும்,
முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

கப்பலூரில் என் மச்சான் குபேந்திரனுக்கு வேறு வழி.
காற்றை உறிஞ்சிவிட்ட இரும்பு அறை. உள்ளே டைட்டானியம் ஆவியாகி
குழாயிலும் கைப்பிடியிலும் கடிகாரப் பட்டையிலும்
மஞ்சளாய்ப் படியும். பொட்டுத் தங்கம் கிடையாது.
கீறிப்பார்த்தால் சாவிதான் தேயும்.
"உன்னுது தங்கம், போயிரும். என்னுது பொய், நிக்கும்"
என்று போன தீபாவளிக்குச் சிரித்தான்.
பதில் இன்னும் வரவில்லை எனக்கு.

கலசத்துக்கு ரேக்கு ஒட்டக் கேட்டு வந்தால் மின்விசிறியை நிறுத்துவேன்,
அது பேச்சுக்கே பறக்கும்.
பாதரசத்தில் பொன்னைக் குழைத்துப் பூசி நெருப்பில் காட்டினால்
ஒரு தலைமுறை நிற்கும்.
காட்டியவன் கை நிற்காது.
அப்படி ஒருவரைத் தெரியும்: டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள்
டீ பாதி தரையில்.

செவ்வாய் மத்தியானம், கரண்ட் போய் வந்த நேரம்,
உசிலம்பட்டிப் பக்கமிருந்து காமுத்தாய் என்று ஒருத்தி.
முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சங்கிலி வைத்தாள்.
உரைத்தேன். இருபத்திரண்டு காரட். நாலு பவுன் இருக்கும்.
"இதுக்கு எதுக்கும்மா முலாம்?"
"கவரிங் மாதிரி ஆக்கித் தாங்க."

நிஜாமுதீன் ரெக்டிஃபையர் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"ரெண்டு தடவ அடகுக்குப் போயிட்டு வந்துருச்சு.
மூணாந் தடவ திரும்பாது.
எடுத்து வித்துட்டேன், கடனுக்குப் போச்சு,
கழுத்து மூளியா இருக்கக்கூடாதுன்னு இதை வாங்குனேன்னு சொல்லப்போறேன்.
அவரு பாத்தா நம்பணும்."

எத்தனை நாள் தாங்கணும்?
"பெரியவ பத்தாவது படிக்கிறா. காலேசுக்குப் பணங் கட்டுறவரைக்கும்."

எடை இருக்கிறதே என்றேன்.
எடையை மறைக்க என்னிடம் தொட்டி இல்லை.
"அவரு தூக்கிப் பாக்கமாட்டாரு. பளபளப்பத்தான் பாப்பாரு."

பொன்மேல் செம்பு. விரல் கூசியது.
அதன்மேல் மட்டமான பித்தளை மஞ்சள்,
கொக்கிப் பக்கம் தேய்ந்ததுபோல் கொஞ்சம் விட்டுவிட்டு,
கண்ணிகளின் இடுக்கில் கந்தக நீர் தொட்டுக் கருக்கினேன்.
இவ்வளவு மோசமான வேலையை
இவ்வளவு கவனமாக நான் செய்ததில்லை.

பலகையில் இதற்கு விலை இல்லை. நூற்றைம்பது கேட்டேன்.
கொடுத்துவிட்டு ரசீது கேட்டாள்:
கவரிங் செயின் ஒன்று, முந்நூற்று எண்பது.
எழுதினேன். முத்திரையும் குத்தினேன்.

"தேய்ஞ்சு ஓரத்துல தங்கம் தெரிஞ்சா உடனே வந்துரு" என்றேன்,
எல்லோரிடமும் செம்பைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

ஆரப்பாளையம் பஸ் பிடிக்க அவள் வீதியில் ஏறினாள்.
இருபக்கமும் நகைக்கடை விளக்குகள், வாசலில் அழைக்கும் பையன்கள்.
கழுத்தைப் பார்த்தார்கள்,
ஒருவனும் கூப்பிடவில்லை.